ஏரிக்கரை வீடும் 21-வது பிரிவும்

வாசகர் ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் விவரங்களை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி அவர். கணவர் காலமாகிவிட்டார். ஏரிப் புறம்போக்கில் 28 வருஷமாக வீடு. வீட்டின் முன்பக்கத்திலேயே தையல் கடை. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, ரேஷன் கார்டு எல்லாம் அந்த முகவரியில்தான் இருக்கின்றன. சமீபத்தில், ஆக்கிரமிப்பை அகற்றப் போவதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. சட்டக் கல்லூரியில் படிக்கும் மகன், "அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் வீடும் பிழைப்பும் அடக்கம். உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு. ஒருத்தரும் கை வைக்க முடியாது" என்கிறாராம். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணனோ, "சாசனத்தில் வீடு, பிழைப்பு என்று எங்கே எழுதியிருக்கு? எழுதினதுதான் சட்டம். ஜட்ஜுகள் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டே போனால் சாசனம் எதற்கு? அமெரிக்காவில் எல்லாம் எழுதினபடிதான் படிக்கணும் என்று வந்துவிட்டது" என்று சொல்லியிருக்கிறார். இருவருக்கும் பேச்சு முற்றி, இப்போது முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை.

அவர் கேட்பது இரண்டு: 1950-இல் வந்த சாசனத்தை எழுதியபடியே படிக்க வேண்டுமா, காலத்துக்கு ஏற்றபடி படிக்க வேண்டுமா? கோர்ட்டுக்குப் போனால் வீடு தங்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். வீடு தங்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். யாராவது வக்கீல் கொடுத்தால் அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆனால் நோட்டீஸ் வந்தது என்பதற்காக நாளைக்கே சாமானை எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்பதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நீங்கள் செய்ய வேண்டியவை இருக்கின்றன. எது உங்கள் பலம், எது இல்லை என்று தெரிய, மகனும் அண்ணனும் எங்கே சரி, எங்கே தவறு என்று பார்க்க வேண்டும்.

மகன் பாதி படித்த தீர்ப்பு

மகன் சொல்வது ஓல்கா டெல்லிஸ் வழக்கு. 1981-இல் மழைக்காலத்தின் நடுவே பம்பாய் நடைபாதைகளில் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்த அரசு முடிவு செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1985 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. பிழைக்க வழியில்லாமல் உயிர் வாழ முடியாது, ஆகவே 21-வது பிரிவில் உள்ள உயிர் வாழும் உரிமையில் பிழைப்பும் சேரும் என்றது அந்தத் தீர்ப்பு. இதுவரை மகன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் தீர்ப்பு அங்கே முடியவில்லை. பொது இடத்தைச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை என்றும், நடைபாதை ஆக்கிரமிப்பை அகற்ற மாநகராட்சிக்கு அதிகாரம் தரும் சட்டம் செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. வழக்குப் போட்டவர்களுக்குக் கிடைத்தது மழைக்காலம் முடியும் வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, அவகாசம். 1976 கணக்கெடுப்பில் அட்டை வாங்கியவர்களுக்கு மாற்று இடம். கொள்கையில் ஜெயித்தார்கள், இடத்தைத் தக்கவைக்க முடியவில்லை.

உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். சாசனத்தை விரிவாகப் படித்தால் ஏழைக்கு எப்போதும் வெற்றி என்பது சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கு இருக்கும் நம்பிக்கை. உரிமை விரிந்தாலும், 21-வது பிரிவின் பின்பாதி அப்படியே நிற்கிறது: சட்டம் வகுத்த நடைமுறைப்படி உரிமையைப் பறிக்கலாம். அந்த நடைமுறைதான் உங்கள் வழக்கின் உயிர்நாடி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அண்ணன் சொல்வதில் உள்ள நியாயம்

அண்ணனை லேசாகத் தள்ளிவிட முடியாது. அவருக்கே தெரியாத ஒரு வாதம் அவர் பக்கம் இருக்கிறது.

அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் அங்குள்ள நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். நீதிபதிகள் சட்டத்தின் நியாயத்தையே எடைபோட இடம் கொடுக்கும் அமெரிக்க வாசகத்தை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர் ஆலோசனை சொன்னார். அப்புறம்தான் ஜப்பான் சாசனத்தை ஒட்டி, 'சட்டம் வகுத்த நடைமுறை' என்ற குறுகிய வாசகம் நம் சாசனத்துக்குள் வந்தது. நம்மவர்கள் மறந்துபோய் விட்டுவிடவில்லை, தெரிந்தேதான் குறுக்கினார்கள். எழுதியவர்களின் எண்ணம்தான் எல்லாம் என்றால், அண்ணன் சொல்வதே சரி.

1950-இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் படித்தது. சென்னை மாகாணச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் வழக்குப் போட்டார். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ முறைப்படி இயற்றிய சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. அது சொன்ன நடைமுறையைப் பின்பற்றினார்களா? பின்பற்றினார்கள். அவ்வளவுதான், அந்த நடைமுறை நியாயமா என்று நாங்கள் கேட்க மாட்டோம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நீதிபதி பசல் அலி மட்டும் மாறுபட்டார்.

இந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? நெருக்கடி நிலைக்கு. 1975 ஜூனில், 21-வது பிரிவை நிலைநாட்டக் கோரி யாரும் நீதிமன்றம் போக முடியாது என்று குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சிறையில் இருந்தார்கள். அந்தக் காவலை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஜபல்பூர் வழக்கின் விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா? எங்கள் வாதப்படி கிடையாது என்று பதில் வந்தது. 1976 ஏப்ரலில் நான்கு நீதிபதிகள் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினார்கள். கன்னா ஒருவர்தான் எதிர்த்து எழுதினார். எழுத்தைப் பிடித்துக்கொண்டு படித்தால் தப்பு வராது என்று யார் சொன்னாலும் எனக்கு இந்த வழக்குதான் ஞாபகம் வரும்.

அந்த நான்கு பேரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். பிழைப்பும் உயிரில் சேரும் என்று 1985-இல் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பை எழுதியவரும் அவரே. இடையில், 1978-இல் மேனகா காந்தி வழக்கு வந்தது. காரணம் சொல்லாமல் பாஸ்போர்ட்டைப் பறித்த வழக்கு. நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் அதில் சொன்னது. நீதிபதிகளும் நாட்டோடு சேர்ந்து பாடம் படித்தார்கள். 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் ஜபல்பூர் தீர்ப்பை முழுசாக ஒதுக்கித் தள்ளியவர்களில் ஒருவர், அதே சந்திரசூட்டின் மகன். உங்கள் வீட்டில் மாமனுக்கும் மருமகனுக்கும் நடப்பது, அந்த வீட்டில் ஒரு தலைமுறை இடைவெளியில் தீர்ப்புகள் வழியாக நடந்திருக்கிறது.

அமெரிக்காவைப் பார்த்து நாம் சண்டை போட வேண்டாம்

அங்கே எழுதியபடி படிப்போம் என்ற கட்சிக்கு இப்போது நீதிமன்றத்தில் பலம் அதிகம் என்பது உண்மை. 1973 முதல் இருந்த கருக்கலைப்பு உரிமையை 2022-இல் எடுத்தது அந்த வகையில்தான். ஆனால் அவர்கள் நிலைமை வேறு. 1789-இல் நடைமுறைக்கு வந்த சாசனத்தில் இன்றுவரை 27 திருத்தங்கள்தான். ஒரு திருத்தம் நிறைவேற 50 மாநிலங்களில் 38 சம்மதிக்க வேண்டும். திருத்துவது கிட்டத்தட்ட முடியாத காரியம் என்பதால், எல்லா மாற்றத்தையும் நீதிபதியின் வாசிப்பு வழியாகவே கொண்டுவரப் பார்க்கிறார்கள். சண்டையும் அதனால்தான் அவ்வளவு கடுமை.

நம் சாசனம் அப்படி இல்லை. ஒரு தலைமுறை எழுதியதில் அடுத்த தலைமுறை கட்டுண்டு கிடக்கக் கூடாது என்பதை, 1949 நவம்பர் 25-ஆம் தேதி உரையில் ஜெபர்சனை மேற்கோள் காட்டியே அம்பேத்கர் பேசினார். திருத்தும் வழியைச் சுலபமாக வைத்திருக்கிறோம் என்றார். அதன் முதல் பலனைப் பார்த்தது நம் சென்னை மாகாணம்தான். செண்பகம் துரைராஜன் வழக்கில், எழுத்தைக் கறாராகப் படித்து, கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. இங்கே கிளர்ச்சி எழுந்தது. ஜூன் மாதமே முதல் திருத்தம் வந்து, 15-வது பிரிவில் நான்காவது உட்பிரிவு சேர்ந்தது. இன்றைக்கும் கல்லூரி இட ஒதுக்கீடு ஊன்றி நிற்கும் தூண்களில் அது ஒன்று. 2023 வரை 106 திருத்தங்கள் ஆகிவிட்டன.

திருத்தம் இவ்வளவு சுலபம் என்றால் நீதிபதி எதற்கு இழுத்துப் படிக்க வேண்டும் என்று அண்ணன் உடனே கேட்பார். நல்ல கேள்வி. திருத்தம் பெரும்பான்மையிடம் இருக்கும் கருவி. 1976-இல் சிறையில் கிடந்தவனுக்காக அன்றைய நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்திருக்குமா? ஏரிக்கரையில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்காக மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கூடி வருவார்களா? அந்த இடத்தில் நீதிபதியின் வாசிப்புதான் முதல் கதவு. சில சமயம் இரண்டும் கைகோக்கும். கல்வி ஓர் அடிப்படை உரிமை என்று 1993-இல் உன்னி கிருஷ்ணன் வழக்கில் நீதிமன்றம் 21-வது பிரிவை விரித்தது. 2002-இல் அதையே நாடாளுமன்றம் 21ஏ என்று எழுத்தில் சேர்த்தது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது.

என் நிலைப்பாடு

சாசனம் முழுவதையும் ஒரே மாதிரி படிக்க முடியாது. மக்களவைக்கு நிற்க 25 வயது, குடியரசுத் தலைவராக 35 வயது என்று எழுதியிருக்கிறது. இதில் காலத்துக்கு ஏற்ற வாசிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. 'உயிர்', 'சமம்' இவற்றை எழுதியவர்களே திறந்து வைத்துவிட்டுப் போனார்கள். சுதந்திரங்களுக்கு விதிக்கும் கட்டுப்பாடு 'நியாயமான'தாக இருக்க வேண்டும் என்று 19-வது பிரிவில் அந்த ஒரு சொல்லைச் சேர்க்கச் சபையில் திருத்தம் கொண்டுவந்தவர் பண்டித் தாக்கூர் தாஸ் பார்கவா. எது நியாயம் என்று நாளைய நீதிபதி பார்த்துக்கொள்ளட்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன அர்த்தம்? அதை 1950-இன் அளவுகோலில் பூட்டி வைப்பது எழுதியவர்களுக்கே விரோதம்.

ஆகவே நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி இது: குடிமகனின் உரிமையைச் சொல்லும் வாசகத்தைத் தாராளமாகப் படிக்க வேண்டும். அதிகாரத்தைக் கொடுக்கும் வாசகத்தை, அது ஆளுநருடையதாக இருந்தாலும் அமைச்சருடையதாக இருந்தாலும் நீதிபதியுடையதாகவே இருந்தாலும், கறாராகப் படிக்க வேண்டும்.

நீதிபதியை ஏன் சேர்க்கிறேன் என்றால், அண்ணனின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. நீதிபதிகளை நியமிக்கும்போது குடியரசுத் தலைவர் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றுதான் 124-வது பிரிவில் இருந்தது. 1993-இல் நீதிமன்றம் அதைச் சம்மதம் வாங்க வேண்டும் என்ற அளவுக்குக் கொண்டுபோனது. நியமன அதிகாரம் நீதிபதிகள் கைக்கே வந்தது. அதை மாற்றக் கொண்டுவந்த 99-வது திருத்தத்தையும் 2015-இல் ரத்து செய்தார்கள். நீதித் துறையின் சுதந்திரம் காப்பாற்றப்பட்டது என்று சொல்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. இருந்தாலும் தன் அதிகாரத்தைத் தானே பெரிதாக்கும் வாசிப்பை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

என் விதி எனக்கே கசந்த இடமும் உண்டு. நம் மாநில மசோதாக்களை ஆளுநர் நிறுத்தி வைத்த வழக்கில், 2025 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகள் அமர்வு காலக்கெடு விதித்து, பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதலாம் என்றது. அதே ஆண்டு நவம்பர் 20-இல், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, சாசனத்தில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்றது. காரணமின்றி மசோதாவைக் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. முதல் தீர்ப்பைக் கேட்டு மகிழ்ந்தவன்தான் நான். ஆனாலும் ஆளுநரின் அதிகாரத்தைக் கறாராகப் படிப்பது என்றால், அவருக்கு இல்லாத அதிகாரம் இல்லை என்று சொல்ல வேண்டும். எண்ணை நாமே எழுதிச் சேர்க்க வேண்டுமானால் திருத்தம்தான் வழி.

இனி உங்கள் வீடு

சில தப்பான நம்பிக்கைகளை எடுத்துவிடுகிறேன். 30 வருஷம் இருந்துவிட்டால் அரசு நிலம் சொந்தமாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். நீர்நிலை விஷயத்தில் இதை நம்பி இறங்காதீர்கள். கிராமக் குளங்கள், பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை, எத்தனை காலம் ஆனாலும் முறைப்படுத்தக் கூடாது என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. வரி ரசீதும் மின் இணைப்பும் பட்டாவுக்குச் சமம் ஆகாது. ஆனால் எத்தனை வருஷமாக அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. மாற்று வீடு கேட்கும்போது அது முக்கியம், ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள்.

2024 நவம்பரில் வந்த தீர்ப்புப்படி 15 நாள் நோட்டீஸ் இல்லாமல் இடிக்க முடியாது என்று மகன் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தீர்ப்பிலேயே சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆக்கிரமிப்புகளுக்கு விலக்கு இருக்கிறது. அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

உங்களுக்கு உண்மையில் கை கொடுப்பது, நோட்டீஸ் எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறதோ அந்தச் சட்டத்தின் நடைமுறை. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் என்றால், 7-வது பிரிவில் விளக்கம் கேட்க வேண்டும், உங்கள் பதிலைப் பரிசீலித்த பிறகே 6-வது பிரிவில் வெளியேற்றும் உத்தரவு வர வேண்டும். அதன் மேல் 10-வது பிரிவில் மேல்முறையீடு உண்டு. ஏரிகள் பாதுகாப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் என்றால் வழிமுறை வேறு. நீங்கள் அனுப்பிய நகலில் சட்டத்தின் பெயர் இருக்கும் மேல்பகுதி மங்கலாக இருக்கிறது. அசலைப் பாருங்கள். ஒரு படியைத் தாண்டி இடிக்க வந்தால், 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அங்கே மேனகா காந்தி தீர்ப்பும் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பும் உங்களுக்கு உதவும். அப்போதுகூட, மீண்டும் விசாரித்து உத்தரவு போடுங்கள் என்று அனுப்பிவைக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த அவகாசத்தை மாற்று வீட்டுக்கான மனுவுக்குப் பயன்படுத்துங்கள். மனுவில் தையல் கடையையும் குறிப்பிடுங்கள். பிழைப்பும் உயிரில் சேரும் என்ற வாதத்துக்கு அதுதான் இடம்.

இதில் அண்ணன் இல்லாமல் காரியம் ஆகாது. வீடு நிஜமாகவே ஏரியின் எல்லைக்குள் வருகிறதா, கரைக்கு வெளியே இருக்கும் வேறு வகைப் புறம்போக்கா? புல வரைபடத்தையும், நிலம் எந்த வகை என்று காட்டும் அ-பதிவேட்டையும் நகல் வாங்கிப் பார்த்தால் தெரியும். நோட்டீஸில் போட்டிருக்கும் புல எண் உங்கள் இடத்துடையதுதானா என்றும் சரிபார்க்க வேண்டும். வேறு வகைப் புறம்போக்கு என்றால் உங்கள் நிலைமையே மாறிவிடும். வருவாய்த் துறையில் காலம் கழித்தவருக்கு இது கை வந்த வேலை. மகன் பதில் மனுவின் வரைவை எழுதட்டும், அண்ணன் ஒவ்வொரு வரிக்கும் ஆவணம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க இப்போது உங்களால்தான் முடியும்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். விளக்கம் தர நோட்டீஸில் கொடுத்திருக்கும் நாள் தாண்டுவதற்குள் பதில் போய்ச் சேர வேண்டும். ஸ்பீட் போஸ்டில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.